முகங்களும் முகமதிப்பும்: அஞ்சல்தலை குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

அறிவியலாளர்களையும் கலை, இலக்கிய ஆளுமைகளையும் சிறப்பிக்கும் அஞ்சல்தலைகள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இவ்விதழில் விடையளிக்கிறோம். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக இணைத்திருக்கிறோம்.

கேள்வி: அஞ்சல்தலையில் இடம்பெற்ற முதல் அறிவியலாளர் யார்?

பதில்: இதற்கு ஒரு நேரடி விடையும், அதைச் சற்றே அசைக்கும் இன்னொரு விடையும் உண்டு. 1840 மே மாதம் பிரிட்டன் வெளியிட்ட ‘பென்னி பிளாக்’ என்னும் முதல் அஞ்சல்தலை விக்டோரியா அரசியின் முகத்தைத் தாங்கியிருந்தது; அதைப் பார்த்துத் தொடங்கிய நாடுகளுள் பெரும்பாலானவை அரசர், அரசி, நாட்டுச் சின்னம், வெறும் எண் என்ற வட்டத்துக்குள்ளேயே நெடுங்காலம் நின்றன. அரசர் இல்லாத அமெரிக்கா 1847இல் தன் முதல் இரு தலைகளை வெளியிட்டபோது, பத்து சென்ட் தலையில் ஜார்ஜ் வாஷிங்டனையும் ஐந்து சென்ட் தலையில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினையும் அச்சிட்டது. ஃபிராங்க்ளின் மின்னியல் ஆய்வாளர், இடிதாங்கியை உருவாக்கியவர். ஆகவே முதல் அறிவியலாளர் என்ற பெயரை அவருக்கே சேகரிப்பாளர்கள் வழங்குகிறார்கள்.

ஆனால் அவரை அந்தத் தலைக்குக் கொண்டுவந்தது இடிதாங்கி அன்று. 1775இல் அந்நாட்டின் முதல் அஞ்சல்துறைத் தலைவராக அவர் நியமிக்கப்பட்டதும், நாட்டை நிறுவியவர்களுள் ஒருவராக விளங்கியதுமே காரணங்கள். அறிவியல் பணிக்காகவே ஒருவரைச் சிறப்பிக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் பரவலாக வேரூன்றியது. போலந்து 1923இல் கோப்பர்னிக்கஸையும், இத்தாலி 1927இல் மின்கலத்தை உருவாக்கிய வோல்ட்டாவையும், நார்வே 1929இல் இருபத்தாறு வயதிலேயே மறைந்த கணித அறிஞர் ஆபெலையும் வெளியிட்டன. இவற்றுள் என் மனத்துக்கு நெருக்கமானது 1923 முதல் பிரான்சு வெளியிட்ட லூயி பாஸ்டர் வரிசை. அது ஒரு நாள் விழாவுக்கான நினைவுத் தலையாக இல்லாமல், அன்றாடக் கடிதங்களில் ஒட்டும் பொதுத் தலையாகப் பல நிறங்களில், பல மதிப்புகளில் ஆண்டுக்கணக்கில் புழங்கியது. நுண்ணுயிரியல் அறிஞர் ஒருவரின் முகம் வீட்டுக்கு வீடு சென்று சேர்ந்த அந்த முறைக்கு இணையான சிறப்பு நினைவுத் தலைகளுக்குக் கிடைப்பதில்லை.

கேள்வி: யாருடைய உருவம் அஞ்சல்தலையில் வர வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? எங்கள் வாசகர் வட்டம் ஒரு கணித அறிஞரின் பெயரைப் பரிந்துரைக்க விரும்புகிறது. அதற்கு வழி உண்டா?

பதில்: உண்டு. பெரும்பாலான நாடுகளில் அஞ்சல்துறைக்கு ஆலோசனை கூறும் குழு ஒன்று இருக்கிறது. பொதுமக்கள் அனுப்பும் பரிந்துரைகளை அது பரிசீலிக்கும், இறுதி முடிவை அஞ்சல்துறையோ அரசோ எடுக்கும். அமெரிக்காவில் இத்தகைய குடிமக்கள் குழு 1957 முதல் இயங்கி வருகிறது. வெளியீட்டு நாளுக்கு மூன்று ஆண்டுகளாவது முன்னதாகப் பரிந்துரை வந்து சேர வேண்டும் என்று அது கேட்கிறது. இந்தியாவிலும் அஞ்சல்தலை ஆலோசனைக் குழு உண்டு. காலத்தோடு அனுப்புவதுதான் முதல் தகுதி என்பதைத் தங்கள் வட்டத்தினர் நினைவில் கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தில் புகழுரையைக் குறைத்துச் செய்தியைக் கூட்டுங்கள். பிறந்த, மறைந்த நாள்களைச் சான்றோடு குறிப்பிடுங்கள். நூற்றாண்டு, ஐம்பதாம் ஆண்டு போன்ற நிறைவாண்டு எப்போது வருகிறது என்பதைச் சொல்லுங்கள். அந்த அறிஞரின் எந்தத் தேற்றத்தை ஒரு பெருவிரல் அகலத்துக்குள் படமாக்கலாம் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் இதை மறந்துவிடுகின்றன. பயன்படுத்தத்தக்க ஒளிப்படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற வினாவும் எழும் என்பதால், குடும்பத்தாரின் இசைவை முன்கூட்டியே பெற்று வைப்பது நல்லது.

நிறைவாண்டு இல்லாவிட்டால் வாய்ப்பே இல்லை என்று எண்ண வேண்டியதில்லை. பாரதியாருக்கு இந்தியா 1960 செப்டம்பர் 11 அன்று தலை வெளியிட்டது. 1882இல் பிறந்து 1921இல் மறைந்தவருக்கு 1960 எந்தக் கணக்கிலும் நிறைவாண்டு ஆகாது; நினைவுநாள் ஒன்றே அன்று போதுமானதாக இருந்தது.

கேள்வி: உயிரோடு இருப்பவருக்கு அஞ்சல்தலை வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா? சச்சின் டெண்டுல்கருக்கு எப்படி வெளியிட்டார்கள்?

பதில்: உலகம் முழுமைக்கும் பொருந்தும் சட்டம் எதுவும் கிடையாது; ஒவ்வொரு நாடும் தனக்கென வகுத்துக்கொண்ட நெறி மட்டுமே உண்டு, அந்த நெறியும் அவ்வப்போது தளர்ந்திருக்கிறது. இந்தியாவில் வாழ்பவருக்குத் தலை வெளியிடுவதில்லை என்பது பொது வழக்கம். அதற்கு விலக்குப் பெற்றவர்களுள் முதலாமவர் பெண் கல்விக்காகப் பாடுபட்ட தோண்டோ கேசவ கார்வே. 1958 ஏப்ரல் 18 அன்று, அவருடைய நூறாவது பிறந்தநாளிலேயே தலை வெளிவந்தது. பொறியியல் அறிஞர் விசுவேசுவரய்யாவுக்கு 1960இலும், அன்னை தெரசாவுக்கு 1980இலும், தாங்கள் குறிப்பிடும் டெண்டுல்கருக்கு 2013 நவம்பரிலும் அதே விலக்கு அளிக்கப்பட்டது.

மறைந்த பின்னரும் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதில் நாடுகள் தங்களுக்குள்ளேயே மாறி வந்திருக்கின்றன. அமெரிக்கா முன்பு பத்து ஆண்டுகள் கழிய வேண்டும் என்றது; பின்னர் அது ஐந்தாகி, இப்போது மூன்றாகக் குறைந்திருக்கிறது. இந்தியாவில் சர் சி. வி. ராமனுக்கு மறைந்து சரியாக ஓராண்டில், 1971 நவம்பர் 21 அன்று தலை வந்தது. அப்துல் கலாமுக்கு 2015 ஜூலையில் மறைந்த சில மாதங்களிலேயே, அவருடைய பிறந்தநாளான அக்டோபர் 15 அன்று வந்துவிட்டது. பிரிட்டனில் அரச குடும்பத்தினர் தவிர வாழ்பவர் எவரும் தலையில் இடம்பெறுவதில்லை என்ற மரபு வலுவாக இருந்ததால், 1999இல் பாடகர் ஃபிரெடி மெர்குரிக்கு வெளியிட்ட தலையின் பின்னணியில் அவருடைய இசைக்குழுவின் முரசுக் கலைஞர் சிறிதாகத் தெரிந்ததே பெரும் சலசலப்பாயிற்று.

ஆஸ்திரேலியா இதற்கு நேர் எதிரான பாதையில் சென்றது. 1997இல் கிரிக்கெட் வீரர் டான் பிராட்மன் வாழும்போதே அவருக்குத் தலை வெளியிட்டுத் தொடங்கிய வரிசையில், 2002இல் பீட்டர் டோஹர்டி, குஸ்தவ் நாசல், ஃபியோனா ஸ்டான்லி உள்ளிட்ட மருத்துவ அறிவியலாளர்களை அவர்கள் வாழும் காலத்திலேயே சிறப்பித்தது. காத்திருப்பது நல்லது என்போர், ஒருவருடைய வாழ்வு முடிந்த பிறகே அதை முழுமையாக மதிப்பிட இயலும் என்கிறார்கள். அரசியல்வாதிகளைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கை மிகவும் தேவை என்பதே என் எண்ணம். அறிவியலாளர்களிடம் சற்றுத் தாராளமாக இருந்தால் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

கேள்வி: முதல்நாள் உறை என்பது என்ன? அதற்குத் தனி மதிப்பு உண்டா?

பதில்: தலை வெளியாகும் நாளிலேயே அதை ஒட்டி, அந்நாளுக்கென வடிவமைத்த சிறப்பு முத்திரை குத்திய உறை அது. அண்மைக்கால உறைகள் பெருந்தொகையில் தயாராவதால் அவற்றைப் பொருளீட்டும் நோக்கில் வாங்கிக் குவிக்க வேண்டாம். உறையோடு சில நாடுகளில் தரப்படும் விளக்க மடிப்பைத் தவறாமல் பாதுகாத்து வையுங்கள். வடிவமைத்தவர் பெயர், அச்சிட்ட முறை, அச்சிட்ட எண்ணிக்கை முதலியவை அதில்தான் இருக்கும்.

கேள்வி: ஐசக் நியூட்டனுக்காகப் பிரிட்டன் வெளியிட்ட தலைகளில் நியூட்டனே இல்லை என்று நண்பர் சொல்கிறார். அப்படியானால் அது எப்படி அவரைச் சிறப்பிப்பதாகும்?

பதில்: நண்பர் சொல்வது சரிதான். நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’ 1687இல் வெளிவந்தது. அதன் முந்நூறாம் ஆண்டையொட்டி 1987இல் வெளியான நான்கு தலைகளில் ஆப்பிள், நீள்வட்டப் பாதை, ஒளியியல் ஆய்வு, கோள்களின் ஒழுங்கு என்பவையே காட்சிகளாக இடம்பெற்றன. முகம் எங்கும் இல்லை. அவரைச் சிறப்பித்த தலைகளுள் இவற்றையே நான் உயர்வாக மதிப்பேன், ஏனெனில் நியூட்டனின் நீண்ட தலைமயிரைப் பார்த்து எவரும் ஈர்ப்பு விதியை அறிந்துகொள்ள முடியாது.

அறிவியலாளரைத் தலையில் காட்டுவதில் உள்ள சிக்கலே இதுதான். பாடகருக்கு வீணையோ தம்பூராவோ, எழுத்தாளருக்குப் பேனாவோ வைத்துவிட்டால் பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். ஒரு சமன்பாட்டை எழுதியவரை அவ்வாறு காட்ட இயலாது. சுவிட்சர்லாந்து 1957இல் கணித அறிஞர் ஆய்லரின் முகத்தோடு அவருடைய புகழ்பெற்ற சூத்திரத்தையும் அச்சிட்டது. மேற்கு ஜெர்மனி 1955இல் இன்னொரு கணித அறிஞரான காஸின் முகத்தை வெளியிட்டது. 1977இல் அவரைச் சிறப்பித்தபோது முகத்தை விட்டுவிட்டு, கலப்பெண்களைப் புள்ளிகளாகக் குறிக்கும் கலப்பெண் தளத்தை மட்டும் வரைந்தது. இரண்டுக்கும் இடையிலான இருபத்திரண்டு ஆண்டுகளில் வடிவமைப்பாளர்களுக்கு வாசகர்மீது வளர்ந்த நம்பிக்கையை அங்கே காணலாம். சி. வி. ராமனின் 1971ஆம் ஆண்டுத் தலை நடுவழியைத் தேர்ந்தது: முகமும் உண்டு, அருகில் அவர் விரும்பி ஆய்ந்த வைரமும் ஒளி பற்றிய வரைபடமும் உண்டு. அமெரிக்கா 2005இல் வெளியிட்ட ரிச்சர்ட் ஃபைன்மன் தலையில், துகள்கள் ஒன்றோடொன்று வினைபுரிவதைக் காட்ட அவர் உருவாக்கிய கோட்டு வரைபடங்கள் அவருடைய முகத்தைச் சூழ்ந்திருக்கின்றன.

இவை அனைத்தையும் விடத் துணிச்சலானது நிகராகுவா 1971இல் வெளியிட்ட பத்துத் தலைகள் கொண்ட வரிசை. உலகின் முகத்தை மாற்றிய பத்துக் கணிதச் சூத்திரங்கள் என்று அதற்குத் தலைப்பிட்டார்கள். 1+1=2 என்பதில் தொடங்கி, பித்தாகரஸ் தேற்றம், ஆர்க்கிமிடீசின் நெம்புகோல் விதி, நேப்பியரின் மடக்கை, நியூட்டனின் ஈர்ப்பு, மேக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகள், போல்ட்ஸ்மன், சியால்கோவ்ஸ்கி, ஐன்ஸ்டைன், டி பிராய் வரை அது செல்கிறது. ஒவ்வொரு தலையின் பின்புறத்திலும், பசைப் பக்கத்தில், அந்தச் சூத்திரத்தின் பயன் ஸ்பானிய மொழியில் சுருக்கமாக அச்சிடப்பட்டுள்ளது. உறையில் ஒட்டியபின் யாரும் படிக்க முடியாத இடத்தில் பாடத்தை எழுதி வைத்த அந்தக் குறும்பு எனக்குப் பிடித்தமானது.

கேள்வி: திருவள்ளுவர் எப்படி இருந்தார் என்று எவருக்கும் தெரியாதபோது அஞ்சல்தலையில் அவருக்கு உருவம் கொடுத்தது முறையா?

பதில்: உருவம் அறியப்படாத பழம்புலவர்களைப் பொறுத்தவரை அஞ்சல்துறைகளுக்கு முன் இரண்டு வழிகள் உள்ளன, இந்தியா அவ்விரண்டையும் ஒரே ஆண்டில் கையாண்டது. 1960 பிப்ரவரியில் வந்த திருவள்ளுவர் தலையில் ஓவியக் கற்பனையில் உருவான ஒரு புலவரைக் காண்கிறோம். நான்கு மாதங்கள் கழித்து, ஜூனில், காளிதாசரைச் சிறப்பிக்க வந்த இரண்டு தலைகளில் காளிதாசர் இல்லை. மேகத்தை நோக்கி வேண்டும் யட்சனும், துஷ்யந்தனுக்கு மடல் எழுதும் சகுந்தலையும் இருக்கிறார்கள். புலவரை விட்டுவிட்டு அவர் படைத்த மாந்தரைக் காட்டிய இந்த இரண்டாம் வழியில் பொய்க்கு இடமில்லை. ஆனால் திருக்குறளில் கதையும் இல்லை, கதை மாந்தரும் இல்லை. ஆகவே அந்த வழி வள்ளுவருக்கு எளிதில் திறந்திருக்கவில்லை என்பதையும் கருத வேண்டும். ஒரு குறளையே எழுத்தழகோடு அச்சிட்டிருக்கலாமே என்று கேட்டால், ஆம், அது சிறப்பாகவே அமைந்திருக்கும்.

சோவியத் ஒன்றியம் 1983இல் இயற்கணிதத்தின் முன்னோடியான அல் குவாரிஸ்மிக்கு வெளியிட்ட தலையும் கற்பனை முகமே. கிரேக்கம் 1955இல் பித்தாகரஸுக்கு எடுத்த முடிவு இவற்றினும் நயமானது: பழைய நாணயத்தில் இருந்த அவருடைய உருவத்தை ஒரு தலையில் அச்சிட்டு, மற்றொன்றில் செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் சதுரங்களை எழுப்பித் தேற்றத்தையே படமாக்கியது. தலையில் உள்ள முகம் வரலாற்றுச் சான்று என்று பள்ளிப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளாதபடி ஆசிரியர்கள் இதைச் சொல்லித் தர வேண்டும்.

கேள்வி: பிழையுடன் அச்சான அஞ்சல்தலைகளுக்குப் பெரும் விலை கிடைக்கும் என்கிறார்கள். என்னிடம் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் தலை இருக்கிறது. அது பிழையானது என்றார் ஒருவர்.

பதில்: தங்கள் தலை 1956இல் கிழக்கு ஜெர்மனி வெளியிட்டது என்றால் பின்னணியில் உள்ள இசைக்குறிப்பைப் பாருங்கள். ஷூமன் மறைந்த நூறாம் ஆண்டுக்காக அந்த ஜூலையில் வந்த இரு தலைகளில் அவருடைய முகத்துக்குப் பின்னால் ஃபிரான்ஸ் ஷூபர்ட்டின் இசைக்குறிப்பைப் போட்டுவிட்டார்கள். இசை தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிட, சில மாதங்களில் ஷூமனின் சொந்தக் குறிப்போடு திருத்திய தலைகள் வந்தன. ஆனால் இரண்டும் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஆகவே செல்வம் சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், இரண்டையும் அருகருகே வைத்து மகிழுங்கள்.

இங்கே இருவகைப் பிழைகளைப் பிரித்தறிய வேண்டும். வடிவமைப்பிலேயே நேர்ந்த பிழை அச்சிட்ட அத்தனை தலைகளிலும் இருக்கும் என்பதால் அது அரிதாவதில்லை. பிரான்சு 1937இல் மெய்யியல் அறிஞர் டெக்கார்ட்டின் நூலுக்கு முந்நூறாண்டு கொண்டாடியபோது நூலின் பெயரையே தவறாக அச்சிட்டு, பின் திருத்தித் தந்தது. செயின்ட் கிட்ஸ்–நெவிஸ் 1903இல் வெளியிட்ட தலையில் கொலம்பஸ் தொலைநோக்கி வழியே கரையைத் தேடுகிறார். அந்தக் கருவியோ அவர் மறைந்து நூறாண்டுக்குப் பிறகுதான் தோன்றியது. அமெரிக்கா 2008இல் உயிர்வேதியியலாளர் கெர்ட்டி கோரிக்கு வெளியிட்ட தலையில், அவருடைய பெயரையே தாங்கிய சேர்மத்தின் கட்டமைப்பு வாய்பாடு பிழையாக உள்ளது. அது திருத்தப்படவே இல்லை.

அச்சு இயந்திரத்தில் தாள் திரும்பிவிடுவது, ஒரு நிறம் விடுபடுவது, துளை விளிம்பு இல்லாமற் போவது ஆகியவை வேறு வகை. ஒன்றிரண்டு தாள்களில் மட்டுமே நேரும் அவற்றுக்குத்தான் உயர்ந்த விலை. அதிலும் ஒரு விந்தை நடந்தது. ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷெல்ட் விமான விபத்தில் மறைந்த மறு ஆண்டு, 1962இல், அமெரிக்கா அவருக்கு வெளியிட்ட தலையில் மஞ்சள் பின்னணி தலைகீழாக அச்சான சில தாள்கள் வெளியே சென்றுவிட்டன. அவற்றை வாங்கியவர்கள் செல்வந்தராகும் கனவில் இருக்கையில், அஞ்சல்துறைத் தலைவர் அதே பிழையை வேண்டுமென்றே நான்கு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகளில் மறுபடி அச்சிட ஆணையிட்டார். அரிய பொருள் ஒரே ஆணையில் அன்றாடப் பொருளாகிவிட்டது.

கேள்வி: அறிவியல் அஞ்சல்தலைகளில் பெண்கள் என்றால் மேரி கியூரி மட்டுமே திரும்பத் திரும்ப வருவது ஏன்?

பதில்: வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய கவனிப்பு. துருக்கி 1935இலேயே, இஸ்தான்புல்லில் கூடிய அனைத்துலகப் பெண்கள் மாநாட்டுக்காக நோபல் பரிசு பெற்ற பெண்களைத் தலைகளில் வெளியிட்டது. எழுத்தாளர்கள் செல்மா லாகர்லாஃப், சிக்ரிட் உண்ட்செட், அமைதிக்காகப் பாடுபட்ட ஜேன் ஆடம்ஸ் ஆகியோரோடு கியூரியும் அதில் இருந்தார். 1938இல் ரேடியம் கண்டறியப்பட்ட நாற்பதாம் ஆண்டுக்காகப் பிரான்சு பியர், மேரி இணையரைக் காட்டும் தலையை வெளியிட்டு, புற்றுநோய் ஒழிப்புக்கென, தலையில் குறித்த அஞ்சல் கட்டணமான முகமதிப்போடு கூடுதல் தொகையும் வசூலித்தது. அதே வடிவத்தைப் புதுச்சேரியை உள்ளடக்கிய பிரெஞ்சிந்தியா உட்பட அந்நாட்டின் குடியேற்றங்களும் வெளியிட்டன. இந்தியா 1968இல் அவருக்குத் தலை வெளியிட்டது. இரு நோபல் பரிசுகள், எளிதில் அடையாளம் தெரியும் முகம், மருத்துவப் பயன் என எல்லாம் ஒருங்கே அமைந்தமையால், பெண்ணறிவியலாளர் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்றதும் குழுக்களின் கை தானாகவே அவரிடம் சென்றுவிடுகிறது.

மாற்றம் மெல்ல வந்திருக்கிறது. அணுக்கருப் பிளவை விளக்கியும் நோபல் பரிசு மறுக்கப்பட்ட லிசே மைட்னரை ஆஸ்திரியா 1978இலும், மேற்கு ஜெர்மனி பெண்களுக்கென்றே வெளியிட்டுவந்த பொதுத் தலை வரிசையில் 1988இலும் சிறப்பித்தன. பரிசுக் குழு தவறவிட்டவரை அஞ்சல்துறை தவறவிடவில்லை. அமெரிக்கா 2005இல் மரபியலாளர் பார்பரா மெக்லின்டாக்கையும், 2011இல் இயற்பியலாளர் மரியா கெப்பர்ட் மேயரையும், 2021இல் இயற்பியலாளர் சியென்–ஷியுங் வூவையும் கொண்டுவந்தது. இத்தலைகளைத் தேடிச் சேர்ப்பது கியூரியின் ஐம்பதாவது தலையைச் சேர்ப்பதைவிடப் பயனுள்ள வேலை.

கேள்வி: ஐன்ஸ்டைன், மோசார்ட் ஆகியோரை அவர்களோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத சிறு நாடுகள் அழகழகான தாள்களாக வெளியிடுகின்றனவே, அவை உண்மையானவையா?

பதில்: சில உண்மையானவை, சில அல்ல. தொடர்பில்லாத நாடு வெளியிட்டது என்பதே குறையாகாது; பிரிட்டன் 1969இல் காந்தியடிகளுக்குத் தலை வெளியிட்டது, 1961இல் தாகூரின் நூற்றாண்டை அர்ஜென்டினாவும் சோவியத் ஒன்றியமும் தங்கள் தலைகளில் கொண்டாடின. ஆனால் பல சிறு நாடுகள், தங்கள் பெயரில் தலைகளை வடிவமைத்து அச்சிட்டு விற்கும் உரிமையை வெளிநாட்டு முகமை நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அத்தலைகள் சட்டப்படி செல்லும் என்றாலும் அந்த நாட்டு அஞ்சலகங்களில் கண்ணிலேயே படாதவை பல. அவற்றின் இலக்கு கடிதம் எழுதுவோர் அல்லர், சேகரிப்பாளர்களே.

மூன்றாவது வகை, நாட்டின் இசைவே இன்றி எவரோ அச்சிட்டுவிடும் போலித் தலைகள். இவற்றைப் பற்றி உலக அஞ்சல் ஒன்றியம் உறுப்பு நாடுகளுக்கு எச்சரிக்கைச் சுற்றறிக்கைகள் அனுப்பி வருகிறது. 2002 முதல் பங்கேற்கும் நாடுகளின் முறையான வெளியீடுகளுக்குத் தனி எண் கொடுத்துப் பதிவு செய்யும் ஏற்பாட்டையும் நடத்துகிறது. வாங்குமுன் அந்தப் பதிவையோ நிலைபெற்ற பட்டியல் நூல்களையோ பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே தாளில் ஐன்ஸ்டைன், சதுரங்கப் பலகை, டைனோசர், திரைப்பட நடிகை ஆகிய அனைவரும் குடியிருந்தால் பார்க்காமலேயே தள்ளிவிடலாம்.

கேள்வி: சில பழைய தலைகளில் முகம் நுண்ணிய கோடுகளால் ஆனதாகத் தெரிகிறது. அது எப்படிச் செய்யப்படுகிறது?

பதில்: அது செதுக்கு அச்சு. தலையின் அதே அளவுள்ள எஃகுத் தகட்டில், உருப்பெருக்கியின் கீழ், இடவலம் மாறிய வடிவத்தில் கலைஞர் கையால் செதுக்குவார். கன்னத்தின் நிழல், கண்ணின் ஒளி எல்லாம் கோடுகளின் நெருக்கத்தாலும் புள்ளிகளின் ஆழத்தாலும் மட்டுமே உருவாக வேண்டும். பள்ளத்தில் தங்கும் மை தாளில் மெல்லப் புடைத்து நிற்பதால் விரல் நுனியால் தடவினாலே அறியலாம். இக்கலையில் போலந்தில் பிறந்து சுவீடனில் பணியாற்றிய செஸ்லாவ் ஸ்லானியா ஒப்பற்றவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைகளைச் செதுக்கினார். அவரைப் போன்றோர் கைவண்ணத்தைக் காண விரும்பினால் சுவீடனின் நோபல் வரிசையைத் தேடுங்கள். முதல் பரிசுகள் வழங்கப்பட்ட 1901ஆம் ஆண்டின் பரிசாளர்களை 1961இல் வெளியிட்டுத் தொடங்கி, ஆண்டுதோறும் அறுபது ஆண்டுகளுக்கு முந்தையவர்களை அது நினைவுகூர்ந்து வந்தது.

கேள்வி: பழைய உறைகளிலிருந்து தலைகளைப் பிரித்து ஆல்பத்தில் ஒட்டலாமா?

பதில்: பசையோ ஒட்டும் நாடாவோ கொண்டு ஒட்டாதீர்கள், ஒளி ஊடுருவும் பட்டைகள் கொண்ட சேகரிப்பு ஆல்பத்தில் செருகி வையுங்கள், இடுக்கியால் மட்டுமே எடுங்கள். நீரில் ஊறவைத்தால் பழைய தலைகள் பிரிந்துவிடும், தற்காலத் தானொட்டித் தலைகள் பல பிரியா. முத்திரை தெளிவாக விழுந்த உறை கிடைத்தால் அதைப் பிரிக்கவே வேண்டாம்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. ஒளியின் வரலாற்றை அஞ்சல்தலைகளைக் கொண்டே கண்காட்சியாக அமைக்க இயலுமா? எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: தாராளமாக இயலும், மிக அழகாகவும் அமையும். பார்வையின் இயல்பை ஆய்ந்த இப்னு அல் ஹைதமிடமிருந்து தொடங்குங்கள்; பாகிஸ்தான் 1969இல் அவருக்குத் தலை வெளியிட்டது. அடுத்து முன்னரே சொன்ன பிரிட்டனின் 1987 வரிசையிலிருந்து நியூட்டனின் ஒளியியல் தலை. ஒளி ஒரு மின்காந்த அலை என்பதை நிகராகுவாவின் மேக்ஸ்வெல் தலை சொல்லும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைகளோடு சோதனை செய்த ஜகதீச சந்திர போசுக்கு இந்தியா 1958இல் வெளியிட்ட தலையை அதன் பக்கத்தில் வையுங்கள். எக்ஸ் கதிரைக் கண்டறிந்த ராண்ட்ஜனுக்குச் சுவீடனின் 1961 வெளியீடு பொருந்தும்.

அதன்பின் கதை திரும்புகிறது. ஆற்றல் சிறு சிறு பொட்டலங்களாகவே வெளிப்படும் என்ற மேக்ஸ் பிளாங்க்கை மேற்கு பெர்லின் 1953இல் வெளியிட்டது. ஐன்ஸ்டைனுக்கு எத்தனையோ தலைகள் இருந்தாலும் தாங்கள் தேட வேண்டியது சுவீடனின் 1981ஆம் ஆண்டுத் தலை. 1921ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குச் சார்பியலுக்காக வழங்கப்படவில்லை, ஒளிமின் விளைவுக்காகவே வழங்கப்பட்டது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல அதுவே வாய்ப்பு. அணுக் கொள்கையின் ஐம்பதாம் ஆண்டுக்காக டென்மார்க் 1963இல் வெளியிட்ட நீல்ஸ் போர் தலை, அணுவிலிருந்து ஒளி எவ்வாறு பிறக்கிறது என்பதை விளக்க உதவும். பிறகு ராமன், 1971. இறுதியாக ஃபைன்மன், 2005.

பத்துத் தலைகளையும் அறிஞர்கள் வாழ்ந்த கால வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் கண்டுபிடிப்பின் ஆண்டு, தலை வெளியான ஆண்டு என இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி ஓரிடத்தில் தொள்ளாயிரம் ஆண்டாகவும் வேறோரிடத்தில் ஐம்பது ஆண்டாகவும் இருப்பதைக் கண்டு மாணவர்களே காரணம் கேட்கத் தொடங்குவார்கள். தலைகளை ஒளி நேரடியாகப் படும் இடத்தில் வைக்க வேண்டாம், நிறம் வெளுத்துவிடும்.